கைத்தொழில் யுகத்தில் உலகக் குடிப்பெயர்வு: பயணச் செலவைக் கொடுத்தவர் யார்?

குடிப்பெயர்வு பற்றிய வினாவுக்கு மாணவர்கள் எழுதும் விடைகளிற் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருக்கும். தள்ளும் காரணிகள் என்று ஒரு பட்டியல்: வறுமை, பஞ்சம், வேலையின்மை, சமய ஒடுக்குமுறை. ஈர்க்கும் காரணிகள் என்று இன்னொரு பட்டியல்: நிலம், வேலை, உயர்ந்த கூலி, சுதந்திரம். இவற்றுள் எதுவும் பிழையன்று. ஆனால் இப்பட்டியல் எந்த நாட்டுக்கும் எந்த நூற்றாண்டுக்கும் பொருந்தும். வினாவிலே “கைத்தொழில் யுகத்தில்” என்ற சொற்கள் இருந்தால், அக்காலத்துக்கே உரியது எது என்பதை நீங்கள் காட்டியாக வேண்டும். அதற்கு இரண்டு பட்டியல்களோடு மூன்றாவதாக ஒரு கேள்வியையும் கேட்டுப் பழகுங்கள். கப்பற் கட்டணத்தைக் கொடுத்தவர் யார்? இக்கேள்விக்குரிய விடை தெரிந்தால், ஒருவர் எங்கே போனார், எத்தகைய நிபந்தனையோடு போனார், திரும்பி வர முடிந்ததா என்பவற்றையும் பெரும்பாலும் கூறிவிடலாம்.

ஏறத்தாழ 1780 களிலிருந்து 1930 வரையுள்ள காலப்பகுதியையே இங்கு கருத்திற் கொள்கின்றோம்.

அக்காலத்தில் மட்டும் ஏன் இத்தனை பேர்?

வறுமையும் பஞ்சமும் 1800 க்கு முன்னரும் இருந்தன. அப்படியாயின் முன்னைய நூற்றாண்டுகளில் கோடிக்கணக்கான மக்கள் கடல் கடக்காமல் இருந்தது ஏன்? இதற்கு விடை கூறாத கட்டுரை பாதிக் கட்டுரையே ஆகும்.

முதலாவது, மக்கட்டொகை. 1800 அளவில் ஐரோப்பாவின் மக்கட்டொகை ஏறத்தாழ 190 மில்லியன். 1900 இல் அது 400 மில்லியனைத் தாண்டியிருந்தது. நிலத்தின் பரப்போ கூடவில்லை. பங்கு பிரித்துப் பிரித்துச் சிறுத்துப்போன காணியில் இளைய மகனுக்கு இடமிருக்கவில்லை. இரண்டாவது, கைவினைத் தொழில்களின் வீழ்ச்சி. தறியை நம்பி வாழ்ந்த கிராமங்களை ஆலைத் துணி வென்றது. இவ்வாறு விடுபட்டவர்களிற் பெரும்பாலானோர் முதலிற் கடல் கடக்கவில்லை, அண்மையிலிருந்த நகரத்துக்கே சென்றனர். 1851 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இங்கிலாந்து மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகளாகிவிட்டிருந்தனர். ரவென்ஸ்ரைன் 1885 இல் வெளியிட்ட குடிப்பெயர்வு விதிகளில் முதன்மையானது, பெயர்வோரிற் பெரும்பாலானோர் குறுந்தூரமே பெயர்கின்றனர் என்பதாகும். அவர் இதனைப் பிரித்தானியக் குடிசன மதிப்பீட்டுத் தரவுகளிலிருந்தே கண்டறிந்தார்.

மூன்றாவது காரணமே இக்காலத்தைத் தனித்துவமாக்குவது. அது நீராவி. பாய்க்கப்பலில் அத்திலாந்திக்கைக் கடக்க ஐந்து ஆறு வாரங்கள் சென்றன. காற்று வாய்க்காவிட்டால் அதற்கும் மேலாகும். 1870 களில் நீராவிக் கப்பல் அத்தூரத்தை ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குள் கடந்தது. 1869 இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைக்கும் புகையிரதப் பாதையும் நிறைவுற்றது. பயண நாட்கள் குறைந்தமையாற் பயணத்தின்போது இழக்கும் கூலியும் குறைந்தது. 1966 இல் எவரெற் லீ கூறிய “இடைப்பட்ட தடைகள்” என்ற கருத்தை இங்கே பயன்படுத்துங்கள். தள்ளும் காரணியும் ஈர்க்கும் காரணியும் பழையவையாக இருக்கலாம். நடுவிலிருந்த தடையே கைத்தொழில் யுகத்திற் சரிந்தது.

எனினும் தடை எல்லோருக்கும் ஒரே அளவிற் சரியவில்லை. மிக வறியவரிடம் மலிவான கட்டணத்துக்கும் பணம் இருக்கவில்லை. வேறொருவர் கட்டணத்தைக் கட்டினாலன்றி அவர் புறப்பட முடியாது. கட்டியவர் அதற்கு ஈடாக எதையாவது கேட்பார்.

மூன்று பேரோட்டங்கள்

நீண்ட காலமாகப் பாடநூல்கள் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா சென்ற ஓட்டத்தையே “உலகக் குடிப்பெயர்வு” என்று காட்டி வந்தன. ஆசிய ஓட்டங்கள் அடிக்குறிப்பு அளவில் நின்றன. 2004 இல் அடம் மக்கியோன் என்ற வரலாற்றாசிரியர் வெளியிட்ட கணிப்பு இப்பார்வையைப் பெரிதும் மாற்றியது. 1846 க்கும் 1940 க்கும் இடையில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கக் கண்டங்களுக்குச் சென்றோர் 55 முதல் 58 மில்லியன். இந்தியாவிலிருந்தும் தென் சீனாவிலிருந்தும் தென்கிழக்காசியாவுக்கும் இந்து சமுத்திரக் கரைகளுக்கும் சென்றோர் 48 முதல் 52 மில்லியன். வடகிழக்காசியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மஞ்சூரியா, சைபீரியா முதலிய பகுதிகளுக்குச் சென்றோர் 46 முதல் 51 மில்லியன். மூன்றும் ஏறத்தாழச் சம அளவானவை. இவை பயணங்களின் எண்ணிக்கை என்பதையும் மனங்கொள்க. ஒருவர் மூன்று முறை போய் வந்தால் அவர் மூன்று முறை எண்ணப்பட்டிருப்பார்.

அத்திலாந்திக் ஓட்டம்

இதிற் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய எடுத்துக்காட்டு அயர்லாந்து. 1841 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு 8 மில்லியனுக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களுள் ஏழைகளின் அன்றாட உணவு உருளைக்கிழங்கு ஒன்றே. 1845 இற் பரவிய அழுகல் நோய் அப்பயிரை அழித்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு மில்லியன் மக்கள் மாண்டனர். மேலும் ஒரு மில்லியனுக்கு மேற்பட்டோர் நாட்டை விட்டு நீங்கினர். 1851 இல் மக்கட்டொகை 6.6 மில்லியன் அளவுக்கு இறங்கியது. அயர்லாந்துத் தீவின் மக்கட்டொகை இன்றுவரை 1841 ஆம் ஆண்டின் அளவை எட்டவில்லை.

இதனை “பஞ்சம்” என்ற ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். பஞ்சம் நிலவிய அதே ஆண்டுகளில் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தது. வாடகை கட்ட முடியாத குடியானவர்களை நிலக்கிழார்கள் வெளியேற்றினர். சில நிலக்கிழார்கள் தாங்களே கட்டணம் செலுத்திக் குடியானவர்களைக் கப்பலேற்றி அனுப்பினர். காணியை வெறுமையாக்குவதற்கு அதுவே மலிவான வழியாயிருந்தது. 1847 இல் நெரிசல் மிக்க கப்பல்களிற் காய்ச்சல் பரவியது. கனடாவின் குறோஸ் ஐல் தீவிலிருந்த தொற்றுத்தடுப்பு நிலையத்தில் அவ்வோராண்டிலேயே 5,000 க்கு மேற்பட்டோர் புதைக்கப்பட்டனர்.

தப்பிக் கரை சேர்ந்தவர்கள் செய்த முதல் வேலை ஊருக்குப் பணமோ பயணச்சீட்டோ அனுப்பியதுதான். அக்கா தங்கைக்கு அனுப்பினாள், தங்கை தம்பிக்கு அனுப்பினாள். இதுவே சங்கிலித் தொடர்க் குடிப்பெயர்வு. இங்கே கட்டணத்தைக் கொடுத்தவர் உறவினர். எனவே வந்திறங்கியவருக்கு உறவுக் கடன் இருந்ததேயன்றி எசமானுக்குக் கட்டுப்பட்ட ஒப்பந்தம் இருக்கவில்லை. பிடிக்காத வேலையை விட்டுவிட்டு அடுத்த தெருவில் வேறு வேலை தேட முடிந்தது. ஒரே கிராமத்தவர் ஒரே நகரில், ஒரே வீதியில் திரண்டிருந்தமைக்கும் இதுவே காரணம்.

ஐக்கிய அமெரிக்காவில் 1862 ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் ஐந்து ஆண்டுகள் தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் அரச நிலத்தை வழங்கியது. விடைகளில் இது “இலவச நிலம்” என்று இடம்பெறும். யாருடைய நிலம் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். 1830 ஆம் ஆண்டு அகற்றற் சட்டத்தின் மூலம் தென்கிழக்குப் பகுதிச் சுதேச மக்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தப்பட்டனர். ஆர்ஜென்டீனாவின் பம்பாஸ் புல்வெளிகளிலும் இதுவே நடந்தது. ஒருவரை ஈர்த்த காரணி இன்னொருவரைத் தள்ளிய காரணியாயிற்று.

1880 க்குப் பின்னர் ஓட்டத்தின் ஊற்று மாறியது. அயர்லாந்து, ஜேர்மனி, ஸ்கண்டினேவியா ஆகியவற்றின் இடத்தை இத்தாலி, போலந்துப் பகுதிகள், ரஷ்யப் பேரரசின் யூதக் குடியிருப்புகள் ஆகியன பிடித்தன. 1892 இல் நியூயோர்க் துறைமுகத்தில் எலிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்டது. 1954 இல் அது மூடப்படும் வரை ஏறத்தாழ 12 மில்லியன் மக்கள் அதனூடாகச் சென்றனர்.

இத்தாலியரைப் பற்றிய சுவையான செய்தியொன்று. ஆர்ஜென்டீனாவில் இவர்களுட் சிலரைத் “தகைவிலான் குருவிகள்” என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். வட அரைக்கோளத்தில் அறுவடையை முடித்துவிட்டுக் கப்பலேறித் தென் அரைக்கோளத்தில் டிசம்பர் மாதம் தொடங்கும் கோதுமை அறுவடையில் வேலை செய்து, வசந்த காலத்தில் ஊர் திரும்பினர். இரு அரைக்கோளங்களின் பருவ மாற்றமும் மலிந்த நீராவிக் கட்டணமும் சேர்ந்தே இவ்வழக்கத்தைத் தோற்றுவித்தன. பௌதிகப் புவியியலையும் மானிடப் புவியியலையும் இணைத்து எழுத இதனைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

அடிமை ஒழிப்பும் ஒப்பந்தக் கூலியும்

இனி நாம் அதிக கவனம் செலுத்த வேண்டிய பகுதிக்கு வருவோம். கைத்தொழில் நகரங்கள் பெருகப் பெருக, அங்குள்ள தொழிலாளரின் தேநீருக்குச் சீனி வேண்டியிருந்தது, ஆலைக்குப் பருத்தி வேண்டியிருந்தது, பின்னர் சில்லுகளுக்கு றப்பர் வேண்டியிருந்தது. இவை அயன வலயத்தில் விளைபவை. அங்கு உழைத்தவர்கள் அதுவரை ஆபிரிக்க அடிமைகள். அத்திலாந்திக் அடிமை வியாபாரத்திற் கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ 12.5 மில்லியன்.

பிரித்தானியா 1807 இல் அடிமை வியாபாரத்தையும், 1833 இல் நிறைவேற்றிய சட்டத்தின் மூலம் அடிமைமுறையையும் ஒழித்தது. சட்டம் 1834 ஆகஸ்ட் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அடிமைகளின் உடைமையாளருக்கு 20 மில்லியன் பவுண் நட்டஈடு வழங்கப்பட்டது. விடுதலை பெற்றவர்களுக்கு எதுவும் வழங்கப்படவில்லை. அவர்களிற் பலர் பழைய தோட்டத்துக் கரும்பை மீண்டும் தொட விரும்பவில்லை. தோட்ட முதலாளிகளின் கண் இந்தியாவின் மேல் விழுந்தது.

1834 நவம்பர் 2 ஆம் திகதி “அற்லஸ்” என்ற கப்பல் 36 இந்தியத் தொழிலாளருடன் மொரீசியஸ் தீவை அடைந்தது. அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்று மாதம். இந்த இடைவெளியை விடையிற் குறிப்பிடத் தவறாதீர்கள். காரண காரியத் தொடர்பை இதனைவிடத் தெளிவாக எந்த வாதமும் காட்டாது. 1838 இல் பிரித்தானிய கயானா, 1845 இல் திரினிடாட், 1860 இல் நேற்றால், 1879 இல் பிஜி என்று இம்முறை பரவியது. நேற்றாலுக்குச் சென்ற முதற் கப்பலான “ட்றூரோ” சென்னையிலிருந்தே புறப்பட்டது.

ஒப்பந்தம் பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளுக்குரியது. கட்டணத்தை முதலாளி கட்டினார். ஈடாகத் தொழிலாளி அவ்வைந்து ஆண்டுகளும் அவர் காட்டும் தோட்டத்திலேயே வேலை செய்ய வேண்டும். தோட்டத்தை விட்டு நீங்குவது குடியியல் வழக்கன்று, சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இதுவே இம்முறையின் கூர்முனை. ஹியூ ரிங்கர் 1974 இல் வெளியிட்ட நூலில் இதனைப் புதிய அடிமைமுறை என்றார். ஒப்பந்தம் முடிவுடையது, கூலி உண்டு, பிள்ளைகள் பிறப்பால் அடிமைகளல்லர் என்று வேறு ஆய்வாளர் மறுப்பர். இரு பக்கங்களையும் எழுதுவதே முறை. ஆயினும் வேலையை விட்டுச் சென்றதற்காகச் சிறைக்குப் போனவரைச் “சுதந்திரமான குடிபெயர்வோர்” என்று எழுதிவிடாதீர்கள்.

ஆண் பெண் விகிதத்தையும் பாருங்கள். தோட்டங்களுக்கு வேண்டியிருந்தது ஆண்களின் உடலுழைப்பு. ஆதலால் ஆண்கள் பெருந்தொகையாக ஏற்றப்பட்டனர். பின்னர் 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது செல்ல வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. குடும்பமாகச் சென்ற ஐரோப்பியரின் குடித்தொகைக் கூம்பகத்தையும் இத்தீவுகளின் தொடக்கக் காலக் கூம்பகத்தையும் மனத்தில் வரைந்து ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். இந்தியாவில் எழுந்த கடும் எதிர்ப்பினால் 1917 இல் ஒப்பந்த ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920 தொடக்கத்தில் நீக்கப்பட்டன.

பிறேசிலிலும் இதே காரணம் வேறொரு வடிவத்தைப் பெற்றது. அங்கு அடிமைமுறை 1888 இலேயே ஒழிந்தது. கோப்பி விளையும் சாவோ பவுலோ மாநில அரசு இத்தாலியக் குடும்பங்களின் கட்டணத்தைச் செலுத்தி வரவழைத்தது. தோட்டங்களில் அவர்கள் நடத்தப்பட்ட விதம் தெரியவந்ததும் 1902 இல் இத்தாலி இவ்வாறான உதவிப் பயணத்தைத் தடைசெய்தது. தன் மக்களுக்காகப் பேச ஓர் அரசு இருந்தமையால் அது இயன்றது. குடியேற்ற நாட்டு இந்தியருக்கு அத்தகைய அரசு இருக்கவில்லை.

இலங்கை: பயிர் மாறியது, பெயர்வும் மாறியது

மக்கியோனின் கணிப்பில் இந்தியரின் பயணங்கள் 29 மில்லியனுக்கு மேற்பட்டவை. பர்மாவுக்கு 15 மில்லியனுக்கு மேல், இலங்கைக்கு 8 மில்லியனுக்கு மேல், மலாயாவுக்கு ஏறத்தாழ 4 மில்லியன். எழுத்து மூல ஐந்தாண்டு ஒப்பந்தத்திற் சென்றோர் மொத்தத்திற் பத்திலொரு பங்குக்கும் குறைவு. அப்படியானால் மற்றையோர் சுதந்திரமாகச் சென்றார்களா? மீண்டும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

இலங்கையிற் கட்டணத்தை முன்பணமாகக் கொடுத்தவர் கங்காணி. அவர் தன் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் ஆள் திரட்டினார். தோட்டத்துரையிடம் பெற்ற பணத்தைத் தொழிலாளரின் பெயரிற் கடனாக எழுதினார். ஒரு கூட்டம் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமாயின், இவ்வளவு கடனைச் செலுத்தினால் விடுவிப்பேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் “துண்டு” வேண்டும். புதிய துரை அக்கடனைச் செலுத்துவார், கடன் புதிய ஏட்டில் ஏறும். தோட்டம் மாறினாலும் கடன் மாறாது. 1865 ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் ஒப்பந்தத்தை மீறுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. துண்டு முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது. மலாயாவில் 1907 இல் எல்லாத் தோட்டங்களிலிருந்தும் வரி அறவிட்டு ஒரு பொது நிதி அமைக்கப்பட்டது. அந்நிதியே கட்டணத்தைச் செலுத்தியதால், பயணத்தின் கடன் அங்கு தொழிலாளியின் தலையில் ஏறவில்லை. கங்காணி இரு நாட்டிலும் இருந்தார். பணம் வந்த வழிதான் வேறு.

பெயர்வின் கோலத்தைப் பயிரும் தீர்மானித்தது. கோப்பிக் காலத்திற் பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே பெருந்தொகையானோர் தேவைப்பட்டனர். தமிழக மாவட்டங்களிலிருந்து வள்ளத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளைவரை ஏறத்தாழ 200 கிலோமீற்றர் நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரைக் கொன்றன. பருவம் முடிந்ததும் பிழைத்தோர் ஊர் திரும்பினர். 1869 இல் கோப்பி இலைகளில் துரு நோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தொடங்கிய தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஆண்டு முழுவதும் பறிக்கவும் வேண்டும். அவ்வேலைக்குப் பெண்கள் வந்தனர். குடும்பங்கள் லயன்களில் நிலைத்தன. பருவகாலப் பெயர்வு நிரந்தரக் குடியேற்றமாக மாறியதற்கு ஓர் இலை நோய் இவ்வாறு வழிவகுத்தது. 1914 இல் தனுஷ்கோடி தலைமன்னார்க் கப்பற் சேவை தொடங்கியது.

வட ஆசிய ஓட்டம்

இதைப் பற்றி வினாக்கள் குறைவாகவே வரும். எனினும் ஒரு பந்தி எழுதத் தெரிந்திருங்கள். ரஷ்யாவில் 1861 இல் பண்ணையடிமைகள் விடுவிக்கப்பட்டனர். 1891 இல் சைபீரியப் புகையிரதப் பாதை தொடங்கப்பட்டது. விவசாயிகள் கிழக்கு நோக்கிச் சென்றனர். சீனாவின் சாண்டுங், ஹெபெய் மாகாணங்களிலிருந்து மஞ்சூரியாவின் சோயாவயல்களுக்கும் சுரங்கங்களுக்கும் மில்லியன் கணக்கானோர் சென்றனர். அவர்களிற் பெரும்பகுதியினர் சம்பாதித்துக்கொண்டு திரும்பினர். பெருஞ்சமுத்திரம் எதனையும் கடக்காமலே இவ்வளவு பெரிய ஓட்டம் நிகழ்ந்தது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

கதவுகள் மூடப்பட்டமை

1914 க்கு முன்னர் பெரும்பாலான எல்லைகளைக் கடவுச்சீட்டின்றிக் கடக்கலாம். ஆனால் அந்தத் திறந்த கதவு எல்லா நிறத்தவருக்கும் திறந்திருக்கவில்லை. கலிபோர்னியாவின் மலைகளைக் குடைந்து புகையிரதப் பாதை அமைத்தவர்களுள் ஆயிரக்கணக்கான சீனர் இருந்தனர். பாதை முடிந்து பதின்மூன்று ஆண்டுகளில், 1882 இல், சீனத் தொழிலாளர் நுழைவதைத் தடுக்கும் சட்டம் ஐக்கிய அமெரிக்காவில் நிறைவேறியது. அது 1943 வரை நீடித்தது. அவுஸ்திரேலியாவின் 1901 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதெழுதற் பரீட்சையைப் புகுத்தியது. வருபவர் அதிகாரி தெரிவு செய்யும் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் எழுத வேண்டும். ஆங்கிலம் நன்கறிந்த ஆசியருக்கு வேறொரு மொழியைத் தெரிந்து கொடுத்தால் போதும், அவர் தோற்பது உறுதி. 1924 இல் ஐக்கிய அமெரிக்கா, 1890 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஒவ்வொரு நாட்டவரும் இருந்த தொகையின் 2 சதவீதத்தை ஆண்டுப் பங்காக வகுத்தது. 1890 என்ற ஆண்டு தற்செயலாகத் தெரிவு செய்யப்பட்டதன்று. இத்தாலியரும் கிழக்கு ஐரோப்பிய யூதரும் பெருந்தொகையாக வருவதற்கு முற்பட்ட ஆண்டு அது. 1929 இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் எஞ்சிய ஓட்டங்களையும் வற்றச் செய்தது.

இலங்கையில் மூடப்பட்டது எல்லைக் கதவு மட்டுமன்று. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், இரண்டு மூன்று தலைமுறைகளாக இங்கு வாழ்ந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியது. 1964 இல் செய்யப்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டன. எஞ்சியிருந்தோரின் பிரச்சினைக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது. பாட்டன் காட்டுவழியே நடந்து வந்த பயணத்தின் கணக்கைப் பேரன் இராமேஸ்வரம் கப்பலில் திரும்பிச் சென்று தீர்க்க வேண்டியிருந்தது.

பயிற்சி வினாக்கள்

1. “1834 க்கும் 1917 க்கும் இடையில் நிகழ்ந்த இந்தியரின் கடல் கடந்த குடிப்பெயர்வு, அடிமைமுறை ஒழிப்பின் நேரடி விளைவாகும்.” இக்கூற்றை மொரீசியஸ், இலங்கை ஆகிய இரு நாடுகளையும் ஒப்பிட்டு ஆராய்க. (இலங்கையில் முன்னர் அடிமைகளை வைத்து நடத்திய கரும்புத் தோட்டங்கள் இருக்கவில்லை என்பதை மறவாதீர்கள். கூற்று இரு நாட்டுக்கும் ஒரே அளவிற் பொருந்தாது.)

2. கோப்பிக்குப் பதிலாகத் தேயிலை வந்தமை இலங்கையின் குடிப்பெயர்வுக் கோலத்தை எவ்வாறு மாற்றியது என்பதை விளக்குக.

3. அயர்லாந்திலிருந்து 1850 களில் நியூயோர்க் சென்ற ஒரு பெண்ணையும், அதே காலத்திற் சென்னையிலிருந்து மொரீசியஸ் சென்ற ஓர் ஆணையும் எடுத்துக்கொள்க. இருவரின் பயணக் கட்டணம், தொழில் நிபந்தனை, திரும்பிவரும் வாய்ப்பு ஆகியவற்றை ஒப்பிடுக.